கைரோபிராக்டிக்கும் பிசியோதெரபியும்: எல்லை எங்கே?

நமது பள்ளிவாசல்களில் ஸஃப்பின் ஓரங்களில் பிளாஸ்டிக் கதிரைகள் கூடிக்கொண்டே போவதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் எழுபதைத் தாண்டியவர்கள்தான் கதிரையில் இருந்து தொழுவார்கள். இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்களும் குனிய முடியாமல் அதில் வந்து இருக்கிறார்கள். என்ன என்று கேட்டால் "டிஸ்க்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அப்படிக் கதிரைக்கு வந்து சேர்ந்த நண்பர் ஒருவர், ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு தன் கைபேசியை என் முன்னால் நீட்டினார். வீடியோ ஒன்று. கட்டிலில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். தலைமாட்டில் நிற்பவர் அவருடைய கழுத்தை மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, எதிர்பாராத நேரத்தில் சட்டென்று ஒரு வெட்டு வெட்டுகிறார். நெட்டி முறிகிற சத்தம் பத்து மடங்கு பெரிதாகக் கேட்கிறது. கிடந்தவர் எழும்பிச் சிரிக்கிறார்.

"துபாயில இருக்கிற மச்சான் அனுப்பினது. கைரோபிராக்டிக் எண்டு சொல்றாங்க. இஞ்ச ஆஸ்பத்திரியில பிசியோ செய்றதும் இதுதானே? ரெண்டும் ஒண்டுதானே?" என்று கேட்டார்.

ஆம் என்றும் சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. அவருடைய கழுத்தும் முதுகும் சம்பந்தப்பட்ட கேள்வி அது. ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பக்கூடாது என்று தோன்றியது. அன்று சொல்லாமல் விட்டதைக் கொஞ்சம் தேடிப் படித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கைகளை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் இழுத்தும் திருகியும் நோவு போக்குகிற வேலை இந்த இரண்டு தொழில்களையும்விடப் பழையது. குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்பு எழுதிய கிதாபுத் தஸ்ரீஃப் முப்பது பாகங்களைக் கொண்டது. அதன் கடைசிப் பாகம் அறுவை வைத்தியம் பற்றியது. எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் சரிசெய்வது அதில் விரிவாக வருகிறது, முள்ளந்தண்டும் அதில் அடக்கம். 1465இல் அனத்தோலியாவின் அமாசியா நகரில் ஷரபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு எழுதிய துருக்கி நூலில் இதே வைத்தியங்கள் வர்ணப் படங்களோடு இருக்கின்றன. நம் ஊர்களில் முறிவு வைத்தியர் எண்ணெய் தடவி, இழுத்து, பத்துக் கட்டி அனுப்புவதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான். இங்கிலாந்தில் இப்படியானவர்களை எலும்பு கட்டுவோர் என்றார்கள். படித்த டொக்டர்மார் அவர்களை ஏளனமாகப் பார்த்தார்கள். ஆனாலும் சனம் அவர்களிடம்தான் போனது. லண்டனின் பெரிய சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பேஜட் 1867இல், எலும்பு கட்டுவோர் சுகப்படுத்தும் நோய்கள் என்ற தலைப்பில் தன் மாணவருக்கு ஒரு விரிவுரையே செய்தார். அவர்களிடம் உள்ள நல்லதைப் படித்துக்கொள்ளுங்கள், கெட்டதைத் தள்ளிவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அந்தக் காலத்து டொக்டர் ஒருவருக்கு இது பெரிய மனசு.

இந்தப் பழைய கைவேலை நவீனத் தொழிலாக மாறியபோதுதான் இரண்டு வாசல்கள் திறந்தன. ஒன்று 1894இல், மற்றது 1895இல். இடையில் ஒரே ஒரு வருடம்.

1894இல் லண்டனில் ஒரு அவதூறு கிளம்பியது. மசாஜ் என்ற பெயரில் சில இடங்களில் நடப்பது வேறு தொழில் என்று பிரித்தானிய மருத்துவ இதழ் அம்பலப்படுத்தியது. மசாஜை முறையாகப் படித்துச் செய்துகொண்டிருந்த தாதிமாருக்கு இது மானப் பிரச்சினை. நான்கு பெண்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் தாதியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட விதிகள் கடுமையானவை. டொக்டர் சொல்லாமல் எவருக்கும் மசாஜ் செய்யக்கூடாது. வைத்தியப் பத்திரிகைகளில் தவிர வேறெங்கும் விளம்பரம் போடக்கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது. இந்தச் சங்கம்தான் 1920இல் அரச சாசனம் பெற்று, 1944இல் பிசியோதெரபி என்ற சொல்லைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. முதலாம் உலகப் போரில் கை கால் இழந்து வந்த சிப்பாய்களும், பிறகு இளம்பிள்ளை வாதத்தில் முடங்கிய பிள்ளைகளும் இந்தத் தொழிலை வளர்த்தார்கள். டொக்டரின் நிழலில் பிறந்து, ஆஸ்பத்திரியின் சுவர்களுக்குள் வளர்ந்த தொழில் இது.

1895இல் நடந்தது வேறு கதை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் என்பவர் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் ஹார்வி லில்லர்ட் என்ற கறுப்பினத்தவருக்குப் பல வருடங்களாகக் காது சரியாகக் கேட்பதில்லை. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ விலகியது போல இருந்தது, அதிலிருந்துதான் காது போனது என்று அவர் சொன்னாராம். பாமர் முதுகைத் தடவிப் பார்த்து, புடைத்திருந்த ஒரு முள்ளெலும்பைக் கையால் தள்ளினார், காது கேட்டது என்பது பாமரின் கூற்று. லில்லர்டின் மகள் பிற்காலத்தில் சொன்னது வேறு. வாப்பா பகிடி சொல்லிக்கொண்டிருந்தபோது பாமர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான் என்பது அவர் சொன்ன கதை. எது உண்மையோ, கேள்விக்குரிய நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளையிலிருந்து காதுக்குப் போகிறது, முதுகு வழியாக அல்ல. பாமர் அதைப் பொருட்படுத்தவில்லை. நோய்களில் மிகப் பெரும்பாலானவைக்கு முள்ளெலும்பு விலகி நரம்பை நெருக்குவதே காரணம் என்றார். அந்த விலகலுக்கு சப்லக்சேஷன் என்று பெயர். உடம்புக்குள் இயல்பறிவு ஒன்று ஓடுகிறது, எலும்பை நேராக்கினால் அது தடையின்றி ஓடி நோயைத் தானே மாற்றும் என்பது அவருடைய கொள்கை. 1897இல் பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்டார்.

நமது வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். உரிமமில்லாமல் வைத்தியம் செய்தார் என்று 1906இல் பாமர் மறியலுக்குப் போனார். அதற்குப் பிறகு 1911இல் எழுதிய கடிதம் ஒன்றில், கைரோபிராக்டிக்கை ஒரு மதமாக அறிவித்துவிட்டால் வைத்தியச் சட்டங்களிலிருந்து தப்பலாமா என்று யோசிக்கிறார். மதம் என்றால் ஸ்தாபகர் வேண்டும் அல்லவா. ஈஸா நபி, நமது நபியவர்கள், மார்ட்டின் லூதர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அந்த வரிசையில் தன்னையும் வைத்துப் பேசுகிறார். பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கணக்கு சட்டக் கணக்கு. நாங்கள் வேறு, உங்கள் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவ வேண்டிய தேவை அது.

அதே தேவை 1907இல் விஸ்கொன்சின் மாநில நீதிமன்றம் ஒன்றிலும் வெளிப்பட்டது. ஷெகெட்டாரோ மொரிக்குபோ என்ற ஜப்பானியர், உரிமமில்லாமல் ஒஸ்டியோபதி வைத்தியம் செய்தார் என்பது வழக்கு. ஒஸ்டியோபதியும் கையால் எலும்பைச் சரிசெய்கிற இன்னொரு அமெரிக்க வைத்தியம், கைரோபிராக்டிக்குக்கு இருபது வருடம் மூத்தது. என் கட்சிக்காரர் செய்வது ஒஸ்டியோபதியே அல்ல, அதற்கென்று தனித் தத்துவமும் தனிக் கலையும் உண்டு என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடினார். ஜூரிகள் விடுதலை செய்தார்கள். அன்று தொடக்கம் தனியானது, வேறானது என்ற வாதமே கைரோபிராக்டிக்கின் கோட்டைச் சுவரானது. இரண்டு தொழில்களுக்கும் நடுவே உள்ள கோடு ஆராய்ச்சி மேசையில் வரையப்பட்டதல்ல, கூண்டில் நின்று கீறப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். 1913இல் கன்சாஸ் தொடங்கி 1974இல் லூசியானா வரை அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக உரிமம் கொடுத்து முடிய அறுபது வருடம் போனது.

சுவரின் உள்ளே எல்லோரும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பாமரின் மகன் பீ.ஜே. பாமர் தலைமையிலான கூட்டம் முள்ளந்தண்டைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்றது. இவர்களுக்கு நேர்வழிக்காரர் என்று பெயர். இன்னொரு கூட்டம் உடற்பயிற்சி, சூடு, குளிர், மின்சாரம், உணவு ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. இவர்களைக் கலப்புக்காரர் என்று மற்றவர்கள் நையாண்டி பண்ணினார்கள். 1906இலேயே கலப்புக்காரரின் கல்லூரி தனியாகப் பிரிந்துவிட்டது. இன்றைக்கு உலகில் கைரோபிராக்டிக் கிளினிக் ஒன்றுக்குள் போனால் பெரும்பாலும் கலப்புதான். ரப்பர் பட்டியை இழுக்கும் பயிற்சியும் இருக்கும், மின்னோட்டப் பெட்டியும் இருக்கும். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டால் பிசியோ அறை என்றே நினைப்பீர்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஆட்கள் நடந்து வந்தார்கள். லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் வேலை செய்த டொக்டர் ஜேம்ஸ் சிரியாக்ஸ், முள்ளந்தண்டைக் கையாளும் முறைகளைப் பிசியோதெரபி மாணவருக்குக் கற்றுக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குள் இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தால் சனம் வெளியே இருப்பவர்களைத் தேடிப் போகாது என்பது அவர் நியாயம். நோர்வேயின் கால்டன்போர்ன் பிசியோவாகவும் இருந்தார், கைரோபிராக்டிக்கும் ஒஸ்டியோபதியும் படித்தார். எல்லை அவருக்குள்ளேயே ஓடியது என்று சொல்லலாம். அவுஸ்திரேலியாவின் ஜெப்ரி மெயிட்லண்ட் மூட்டை அசைப்பதை வேகத்தையும் தூரத்தையும் கொண்டு தரம் பிரித்தார். முதல் நான்கு தரங்களும் மெதுவாக, விட்டு விட்டு அசைப்பவை. நோயாளி நோகுது என்றால் கையை எடுத்துவிடலாம். ஐந்தாவது தரம், மூட்டு போகக்கூடிய கடைசி இடத்தில் வைத்து ஒரு சின்ன, வேகமான தள்ளல். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. என் நண்பர் காட்டிய வீடியோவில் இருந்ததும் இதே வேகத் தள்ளல்தான். பிசியோ அதை ஐந்தாம் தர அசைவு என்பார், கைரோபிராக்டர் அஜஸ்ட்மென்ட் என்பார்.

பெயரை மாற்றிச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் பிசியோதெரபிஸ்ட் முள்ளந்தண்டை இப்படித் தள்ளுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. வாஷிங்டன் மாநிலம் 2014இல்தான், மேலதிகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டு அந்தக் கதவைத் திறந்தது. ஒரே தள்ளல், ஒருவர் செய்தால் தொழில், மற்றவர் செய்தால் குற்றம். தள்ளல் முள்ளெலும்புக்கு ஒன்றுதான்.

அந்த 'டக்' சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் சனம் மயங்குகிறது. எலும்பு தன் இடத்தில் போய் விழுகிற சத்தம் அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக் குழி ஒன்று தோன்றுகிறது, சத்தம் அதனுடையது. 2015இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் விரலை இழுத்து நெட்டி முறிக்க வைத்து இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அந்த ஆய்வை நடத்தியவர் ஒரு கைரோபிராக்டர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகவே சத்தம் வந்தால் சுகம், வராவிட்டால் சுகமில்லை என்பதற்கு அடிப்படை கிடையாது.

அமெரிக்க டொக்டர்மாரின் சங்கம் இந்தக் காலமெல்லாம் சும்மா இருக்கவில்லை. 1963இல் போலி வைத்தியத்துக்கு எதிரான குழு ஒன்றை அமைத்து, கைரோபிராக்டிக்கை முதலில் கட்டுப்படுத்துவது, பிறகு ஒழிப்பது என்று வேலை செய்தது. டொக்டர் எவரும் கைரோபிராக்டருக்கு நோயாளியை அனுப்பக்கூடாது, அவரிடமிருந்து வாங்கவும் கூடாது. செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சில கைரோபிராக்டர்களும் 1976இல் வழக்குப் போட்டார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், டொக்டர்மாரின் சங்கம் வர்த்தகப் போட்டிச் சட்டத்தை மீறியது என்று தீர்த்தார். மேன்முறையீட்டிலும் 1990இல் அதுவே நின்றது. கைரோபிராக்டிக் விஞ்ஞானமென்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது என்று சிலர் இதைக் காட்டுவார்கள். அப்படி இல்லை. பகிஷ்கரிப்பு சட்டவிரோதம் என்பதுதான் தீர்ப்பு. வைத்தியம் சரியா பிழையா என்பதை அவர் தீர்க்கவில்லை. வழக்குப் போட்ட அதே 1976இல் அவுஸ்திரேலியாவில் பிசியோக்கள் டொக்டரின் துண்டு இல்லாமல் நோயாளியை நேரே பார்க்கலாம் என்ற நிலைக்கு வந்தார்கள். ஒரு தொழில் டொக்டரின் எதிர்ப்பிலிருந்து வெளியே வருகிறது, மற்றது டொக்டரின் நிழலிலிருந்து வெளியே வருகிறது. இரண்டும் ஒரே திடலில் வந்து நிற்கின்றன. போதாக்குறைக்கு அமெரிக்காவில் இன்று இரு சாராரும் டொக்டர் பட்டத்தோடுதான் படிப்பை முடிக்கிறார்கள்.

சரி, எது சுகப்படுத்துகிறது? முதுகு நோவைப் பொறுத்தவரை இதற்குக் கிடைக்கும் பதில் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கசப்பு. 1998இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில் கீழ்முதுகு நோவுள்ள 321 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கைரோபிராக்டிக், ஒரு பகுதிக்கு மெக்கன்சி முறைப் பிசியோதெரபி, மூன்றாவது பகுதிக்கு முதுகு நோவு பற்றிய சின்னப் புத்தகம் ஒன்று மட்டும். முதல் இரண்டுக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். புத்தகம் வாங்கியவர்களைவிட அவர்கள் சற்றே மேல். இரண்டு வருடச் செலவைப் பார்த்தால் பிசியோவுக்கு 437 டொலர், கைரோபிராக்டிக்குக்கு 429 டொலர், புத்தகக்காரருக்கு 153 டொலர்.

2004இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு எங்கள் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. 1334 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில் எந்தக் கைமுறையைச் சோதிப்பது என்ற கேள்வி வந்தபோது கைரோபிராக்டர், ஒஸ்டியோபத், பிசியோ மூன்று தொழிலாரும் கூடி, எல்லோருக்கும் உடன்பாடான ஒரே சிகிச்சைப் பொதியை அமைத்தார்கள். நோயாளியைப் பொறுத்தவரை யார் செய்தாலும் ஒன்று என்று அவர்களே கையெழுத்துப் போட்டது மாதிரி. பலன் மூன்று மாதத்தில் சுமாராகவும், ஒரு வருடத்தில் சிறிதாகவும் இருந்தது.

2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட கீழ்முதுகு நோவுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. விளக்கமும் ஆலோசனையும், உடற்பயிற்சி, முள்ளந்தண்டைக் கையாளும் சிகிச்சை ஆகியவை பயன்படுத்தலாம் என்ற பட்டியலில் இருக்கின்றன. வேண்டாம் என்ற பட்டியலில் இடுப்புப் பட்டி, இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் என்ற மின்னோட்டப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. நம்மவர்கள் பிசியோ என்று சொல்லும்போது மனதில் நினைப்பது பெரும்பாலும் இந்தப் பெட்டிகளைத்தான். "கரண்ட் புடிச்சாங்க" என்று திருப்தியோடு சொல்வார்கள். கழுத்து வெட்டுகிறவரைப் பார்த்து முகம் சுளிக்கும் பிசியோ, தன் அறையில் உள்ள பெட்டியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? இருக்கிறது. அது கையில் இல்லை, கைக்குப் பின்னால் உள்ள கதையில் இருக்கிறது. முதுகு நோகிறது, அசைத்து இலேசாக்குவோம், பிறகு நீங்களே இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள் என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் பெரிய சண்டைக்கு இடமில்லை. முள்ளெலும்பு விலகியிருப்பதால்தான் உங்கள் பிள்ளைக்கு ஆஸ்துமா, காதில் சீழ், இரவில் அழுகை என்று சொன்னால் அது பாமரின் கதை. பிரித்தானிய எழுத்தாளர் சைமன் சிங் 2008இல் கார்டியன் பத்திரிகையில் இப்படியான உரிமைகோரல்களைத்தான் சாடினார். பிரித்தானியக் கைரோபிராக்டிக் சங்கம் அவர் மீது மானநஷ்ட வழக்குப் போட்டது. 2010 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சிங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, சங்கம் வழக்கை விட்டுவிட்டது. அதே 2010இல், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பிரித்தானியப் பொதுக் கைரோபிராக்டிக் சபையே, சப்லக்சேஷன் ஒரு வரலாற்றுக் கருத்து, அதுதான் நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. தொழிலின் மேலேயே அமர்ந்திருக்கும் சபை தன் தொழிலின் அத்திவாரக் கல்லை உருவி எடுத்துக் காட்டிய காரியம் இது. அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் உலகமெங்கும் எல்லாக் கைரோபிராக்டரும் அந்தக் கல்லைக் கைவிட்டுவிடவில்லை.

இன்னொரு வேறுபாடு, எங்கே நிறுத்துவது என்று தெரிவது. கழுத்தின் முள்ளெலும்புகளுக்குள் துளைத்துக்கொண்டு மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வேகமான திருகலுக்குப் பிறகு அதன் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். ஆனால் வந்தவருக்கு அது அபூர்வம் அல்ல. எலும்பு தேய்ந்த வயதான உம்மாமார், புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவர்கள், காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு நோவுக்காரர்கள் எவர் கையிலும் முதுகைக் கொடுக்கும் முன் டொக்டரைப் பார்க்க வேண்டும். காசநோய் முள்ளந்தண்டிலும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு காலும் விறைத்து, உட்காரும் இடம் உணர்வற்று, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனால் கிளினிக்கும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம், அன்றே பெரியாஸ்பத்திரி. இந்த அடையாளங்களைக் கேட்டு விசாரிக்காமல் கட்டிலில் படுக்கச் சொல்கிறவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

இலங்கையில் நிலைமை இது. பிசியோதெரபிஸ்ட் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற வேண்டிய தொழில்காரர். கொழும்பு, பேராதனை போன்ற அரச பல்கலைக்கழகங்களில் அதற்குப் பட்டப்படிப்பு உண்டு. பாரம்பரிய முறிவு வைத்தியருக்கு ஆயுர்வேதத் துறையில் பதிவு உண்டு. கைரோபிராக்டிக்குக்கு நமது அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு இல்லை. வெளிநாட்டில் முறையாகப் படித்தவர் என்றால் அது சின்னப் படிப்பு அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டல், முன்பின் மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவர் கைரோபிராக்டர் ஆக ஆகக் குறைந்தது 4,200 மணித்தியாலப் பயிற்சி வேண்டும் என்கிறது. வார இறுதிப் பயிற்சிப் பட்டறை ஒன்றில் சான்றிதழ் வாங்கியவரும், வீடியோ பார்த்துப் பழகியவரும் அதே பெயரைத்தான் பலகையில் எழுதுவார்கள். நோயாளிக்குப் பலகை மட்டும்தான் தெரியும்.

இந்த இடத்தில் நமது பிக்ஹு நூல்கள் இந்த விடயத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கின்றன என்பது நினைவுக்கு வருகிறது. வைத்தியம் தெரியாதவர் என்று இருந்துகொண்டே வைத்தியம் செய்து பாதிப்பு ஏற்படுத்துபவர் அதற்கு ஈடு கொடுக்கப் பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. இப்னு கையிம் ஸாதுல் மஆதில் இதை விளக்கும்போது வைத்தியர்களைப் பல வகையாகப் பிரிக்கிறார். தொழிலில் தேர்ந்தவர், அதன் முறைப்படி செய்தார், கை பிசகவில்லை, ஆனாலும் நோயாளிக்குத் தீங்கு வந்துவிட்டது என்றால் அவர் மீது ளமான் இல்லை. தெரியாதவர் செய்தால்? அங்கே அவர் ஒரு கேள்வி வைக்கிறார். இவருக்குத் தொழில் தெரியாது என்று அறிந்தே நோயாளி இடம் கொடுத்தாரா, அல்லது இவர் வைத்தியர் என்று நம்பி இடம் கொடுத்தாரா? அறிந்து கொடுத்திருந்தால் ஈடு இல்லை. நம்ப வைக்கப்பட்டுக் கொடுத்திருந்தால் செய்தவர் பொறுப்பாளி.

அமெரிக்க நீதிமன்றங்கள் நூறு வருடமாக இழுத்த கோடு, இந்தத் தொழில் உன்னுடையதா என்னுடையதா என்பது பற்றியது. இப்னு கையிம் வைக்கும் கேள்வி நோயாளியின் பக்கத்திலிருந்து வருகிறது: தான் யாரிடம் கழுத்தைக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியுமா? என் நண்பருக்குத் தேவையான எல்லை இதுதான் என்று எனக்குப் பட்டது. நீங்கள் எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம், எந்தச் சபையில் பதிவு, இது சரிவராவிட்டால் என்னை யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பதில் சொல்ல முகம் கோணுகிறவரிடம் கழுத்தைக் கொடுக்கத் தேவையில்லை.

நண்பர் கேட்டுத்தான் பார்த்தார். கொழும்புப் பக்கம் ஒரு இடத்தில், எக்ஸ்ரேயைக் கூடச் சரியாகப் பார்க்காமல், இருபத்துநான்கு தடவைக்கான காசை முதலிலேயே கட்டினால் கழிவு உண்டு என்றார்களாம். "சபை, பதிவு எல்லாம் கேட்டன். சிரிச்சாங்க" என்றார். திரும்பி வந்து ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினார். அங்கே இருந்த பிசியோப் பிள்ளை அரை மணித்தியாலம் கேள்வி கேட்டுவிட்டு, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்தும் ஒரு பயிற்சியைத் தந்து, நாளொன்றுக்கு ஆறு ஏழு தடவை செய்யச் சொல்லியிருக்கிறார். நியூசிலாந்தின் ரொபின் மெக்கன்சி என்ற பிசியோ 1956இல் தற்செயலாகக் கண்டுபிடித்த முறை அது. தலைப்பக்கம் உயர்த்தி வைத்த கட்டிலில் ஒரு நோயாளி தவறுதலாகக் குப்புறப் படுத்துக் கிடந்துவிட, நோவு குறைந்து எழும்பினாராம். சத்தம் ஒன்றும் வராத வைத்தியம் என்பதால் நண்பருக்கு ஆரம்பத்தில் நம்பிக்கை வரவில்லை. மூன்று மாதமாகிறது. லுஹர், அஸருக்கு இப்போது தரையில் ஸுஜூது செய்கிறார். படுக்கையால் எழும்பிய உடம்பு விறைத்திருப்பதால் சுபஹுக்கு மட்டும் இன்னும் அந்த ஓரத்துக் கதிரைதான்.